ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?

ஐரோப்பிய நகரங்களில் உள்ள ஒயின் அருந்தகங்களின் விலைப்பட்டியலை வாசித்தால், அது பெரும்பாலும் ஊர்களின் பட்டியலாகவே இருக்கும். போர்தோ, ரியோகா, கியாந்தி, ஷாம்பெயின் என அனைத்தும் இடப்பெயர்களே. மது நன்றா, தீதா என்பது வேறு விவாதம். ஓர் ஊரின் பெயரைச் சட்டத்தால் எந்த அளவுக்குக் காக்க இயலும் என்பதை அறிய, ஒயின் வட்டாரங்களின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை என்றே கருதுகிறேன்.

போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் விளையும் போர்ட் ஒயினில் கலப்படம் பெருகி அதன் மதிப்பு சரிந்தபோது, 1756-இல் அந்நாட்டு அமைச்சர் பொம்பல் அந்த வட்டாரத்துக்கு எல்லை வகுத்தார். எல்லைக் கற்கள் நடப்பட்டன. அவற்றுக்கு உட்பட்ட நிலத்தில் விளைந்ததற்கே அந்தப் பெயர் என்றானது.

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்திலோ எல்லைக்காகக் கலவரமே மூண்டது. திராட்சையின் வேரைத் தாக்கும் பைலாக்செரா பூச்சியாலும், 1910-ஆம் ஆண்டின் மோசமான விளைச்சலாலும் விவசாயிகள் நலிவுற்றிருந்தனர். வணிகர்களில் சிலரோ பிற பகுதிச் சரக்கைத் தருவித்து ஷாம்பெயின் என்று விற்றனர். 1911-இல் விவசாயிகள் வணிகர்களின் கிடங்குகளை உடைத்து ஒயினைத் தெருவில் கொட்டினர், ராணுவம் வரவழைக்கப்பட்டது. எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஓப் மாவட்ட விவசாயிகளும் போராடினர். 1927-ஆம் ஆண்டுச் சட்டமே எல்லைப் பூசலைத் தீர்த்தது.

இன்று அந்தப் பெயருக்கு நிலம் மட்டும் போதாது. எந்தத் திராட்சை ரகங்கள், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு விளைச்சல் என்பதற்கெல்லாம் விதிகள் உள்ளன. கையால்தான் பறிக்க வேண்டும்; குப்பிக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வேண்டும்; குறைந்தது 15 மாதங்கள் குப்பியில் முதிர வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூர் மக்கள்கூட, ஐரோப்பிய ஒன்றியத்துடன் அந்நாடு செய்த ஒப்பந்தத்தால், 2004 முதல் தங்கள் ஒயினுக்குத் தம் ஊரின் பெயரைச் சூட்ட இயலவில்லை.

இந்த வலிமை உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்திலும் இடம்பெற்றது. அதன் 22-ஆவது பிரிவு எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானது. பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்க, அதனால் மக்கள் ஏமாறுகின்றனர் என்றோ, அது முறையற்ற போட்டி என்றோ நிறுவ வேண்டும். 23-ஆவது பிரிவோ ஒயினுக்கும் வடிமதுவுக்கும் மட்டும் உரியது. உண்மையான விளைவிடத்தைக் குறிப்பிட்டு, 'இன்ன ஊர் வகை' என்று எழுதுவதையும் அது தடுக்கிறது. முன்பே வழக்கில் இருந்த பெயர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. அதனால்தான் 'கலிபோர்னியா ஷாம்பெயின்' என்ற பெயரை அமெரிக்காவில் இன்றும் காண முடிகிறது.

டார்ஜிலிங் தேயிலைக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரை மல்லிக்கும் உலக அளவில் உறுதியளிக்கப்பட்டிருப்பது முதல் வகைக் காப்பு மட்டுமே. 'டார்ஜிலிங் வகைத் தேயிலை' என்று அயல்நாட்டுச் சரக்கை ஒருவர் விற்றால், வாங்குவோர் ஏமாறினர் என்று நிறுவும் சுமை நம் விவசாயிகள் மீது விழுகிறது. கொடி முந்திரிக்குக் கிடைக்கும் மதிப்பு தேயிலைக் கொழுந்துக்கும் தறிக்கும் ஏன் கிடைக்கவில்லை? இதில் மண்ணின் தன்மையோ உழைப்பின் தரமோ காரணமில்லை. பேரம் பேசும் வலிமையே காரணம். உயர்காப்பைப் பிற பொருள்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்று இந்தியா கோரிவருவது முற்றிலும் நியாயமானது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அதை எதிர்க்கின்றன.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நமது புவிசார் குறியீட்டுச் சட்டம் (1999), தான் அறிவிக்கும் பொருள்களுக்குக் கூடுதல் காப்பு வழங்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்துள்ளது. அதே சட்டத்தின்படி, குறியீடு பெற்ற பொருளின் உற்பத்தியாளர்கள் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்'களாகத் தனியே பதிவு செய்துகொண்டால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு முழுமையாகக் கிட்டும். நெசவாளர்களையும் பூ விவசாயிகளையும் அவ்வாறு பதிவு செய்ய வைப்பதே அடுத்த பணி.

குறியீடு கிடைத்த நாளில் விழா எடுப்பதோடு நம் உற்சாகம் அடங்கிவிடுகிறது. ஷாம்பெயின் விவசாயிகளுக்கோ, பெயர் கிடைத்த பிறகுதான் அதைக் காக்கும் வேலை தொடங்கியது. விளைச்சலையும் தரத்தையும் தாங்களே கண்காணிக்கும் கட்டுப்பாட்டை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில், ஊரின் பெயர் வெறும் விளம்பரச் சொல்லாகத் தேய்ந்துவிடும்.