டாட் பார்மசி: மருந்தகங்களுக்கென ஓர் இணையப் பின்னொட்டு

டாட் பார்மசி என்பது மருந்தகங்களுக்கும் மருந்தாளுநர் துறை சார்ந்த அமைப்புகளுக்கும் மட்டுமே வழங்கப்படும் மேல்நிலை ஆள்களப் பெயர் ஆகும். இதை நடத்துவது அமெரிக்காவின் மருந்தக வாரியங்களின் தேசியச் சங்கம். மருந்தாளுநர்களுக்கு உரிமம் வழங்கும் மாநில வாரியங்கள் ஒன்றுகூடி 1904-இல் அமைத்த சங்கம் இது.

டொமைன் என்று பேச்சில் வழங்கும் ஆள்களப் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் காம், ஆர்க், இன் போன்றவையே மேல்நிலை ஆள்களங்கள். ஒரு முகவரியைத் தேடும்போது, "இந்தப் பின்னொட்டு யார் பொறுப்பில் உள்ளது?" என்ற கேள்வி முதலில் இணையத்தின் வேர் வழங்கிகளுக்குப் போகிறது. அவை கைகாட்டும் வழங்கியிடம் மீதிப் பெயர் கேட்கப்படுகிறது. ஆகவே புதிய பின்னொட்டை உருவாக்குவது என்பது, தொழில்நுட்ப அளவில், வேர்ப் பட்டியலில் சில வரிகளைச் சேர்ப்பதுதான். கடினமானது அதற்கான அனுமதியைப் பெறுவதே.

அனுமதி தருவது 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஐகான் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. 2012-இல் அது விண்ணப்பங்களை வரவேற்றபோது 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 அமெரிக்க டாலர். வழங்கிகளை இடைவிடாது இயக்கும் திறன், பண வசதி, பதிவுத் தரவின் நகலை வெளியே ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு ஆகியவற்றை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். ஒப்பந்தமான பிறகும் ஆண்டுக்கு 25,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. சிறிய தொழிற்சங்கம் எதுவும் எளிதில் நெருங்க முடியாத தொகை இது. மருந்தக வாரியங்களின் சங்கம் துணிந்து விண்ணப்பித்து, 2014-இல் ஐகானுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஏன் இவ்வளவு செலவு? இணையத்தில் மருந்து விற்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களை இச்சங்கம் ஆராய்ந்தது. அவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மருந்தகச் சட்டங்களுக்கோ நோயாளர் பாதுகாப்பு நெறிகளுக்கோ இணங்கவில்லை என்று அறிவித்தது. மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்து அனுப்பும் தளங்கள் அவற்றில் ஏராளம். போலி மாத்திரையில் மருந்தே இல்லாமலும் இருக்கலாம், அளவு கூடியும் இருக்கலாம். நெஞ்சு வலிக்கு மருந்து வாங்குபவருக்கு இரண்டுமே ஆபத்து.

நல்ல தளங்களை அடையாளம் காட்ட 1999 முதலே இச்சங்கம் ஒரு நற்சான்று முத்திரையை வழங்கி வந்தது. ஆனால் முத்திரை என்பது ஒரு படம். அதை நகலெடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளப் போலித் தளத்துக்கு ஒரு நிமிடம் போதும். முகவரியின் பின்னொட்டை அப்படி ஒட்டிக்கொள்ள முடியாது. பொறுப்பாளர் பதிந்தால்தான் அது வேலை செய்யும். உரிமம், மருத்துவர் சீட்டு, தனியுரிமை ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே சங்கம் பெயரைப் பதிய விடுகிறது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மசி என்ற சொல் முகவரியின் நடுவில் வந்து முடிவில் டாட் காம் இருந்தால், அது இந்தப் பின்னொட்டு அல்ல. சாய்கோட்டுக்குப் பின்னால் வந்தாலும் அல்ல. அந்தச் சொல்லை அங்கெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

வாயிலில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாட் புரோ சான்று. 2000-இல் ஐகான் தேர்ந்தெடுத்த ஏழு பின்னொட்டுகளுள் ஒன்று அது. மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் ஆகியோருக்கென, உரிமம் சரிபார்த்தே தரப்பட்டது. போதிய பேர் வாங்கவில்லை. 2008-இல் விதிகள் தளர்ந்தன. 2015-இல் எவரும் வாங்கலாம் என்றாயிற்று. (அதே 2000-இல் உலக சுகாதார நிறுவனம் டாட் ஹெல்த் கேட்டது, கிடைக்கவில்லை.)

2013 ஏப்ரலில் பெய்ஜிங்கில் கூடிய ஐகானின் அரசுகள் ஆலோசனைக் குழு, உடல்நலம் சார்ந்த பின்னொட்டுகளுக்குக் கூடுதல் காப்பு வேண்டும் என்றது. பார்மசி, டாக்டர், டென்டிஸ்ட், பிசியோ எல்லாம் அப்பட்டியலில் இருந்தன. டாக்டர் என்பது முனைவர் பட்டம் பெற்றவருக்கும் உரியதாயிற்றே என்ற வாதம் எழுந்தது. இன்று டாட் டாக்டர், டாட் டென்டிஸ்ட் இரண்டையும் எவரும் பதியலாம். பெயரில் மருத்துவர் இருப்பதாலேயே உள்ளே மருத்துவர் இருக்கிறார் என்று கொள்ள முடியாது.

டாட் பார்மசிக்கும் எதிர்ப்பு உண்டு. அமெரிக்காவில் மருந்து விலை அதிகம். பலர் கனடா மருந்தகங்களிடமிருந்து குறைந்த விலையில் தருவிக்கிறார்கள். தம் நாட்டில் உரிமம் பெற்ற கடையானாலும், அமெரிக்கருக்கு அஞ்சலில் அனுப்பினால் இந்தப் பெயர் கிடைக்காது. பெரிய மருந்து உற்பத்தி நிறுவனங்கள் இத்திட்டத்துக்கு நிதி உதவி செய்ததும் ஐயத்தை வளர்த்தது. பாதுகாப்பு என்ற பெயரில் போட்டியைத் தடுக்கிறார்கள் என்பது நுகர்வோர் தரப்பின் குற்றச்சாட்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வாயிலைக் காப்பவர் யார் என்பதைப் போலவே, அவர் எந்த நாட்டுச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பதும் முக்கியம்.

முறையாக நடக்கும் மருந்தகங்களில் பெரும்பாலானவை இன்றும் டாட் காம் முகவரியிலேயே இயங்குகின்றன. எனவே இப்பின்னொட்டு இல்லாத தளம் போலி என்று பொருளல்ல. அங்கே உரிம எண்ணையும் மருத்துவர் சீட்டு கேட்கிறார்களா என்பதையும் வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.