வர்ஜீனியா 2017: எல்லைக்கோடுகள் எழுதிய தேர்தல்

அமெரிக்க மாநிலங்களுள் பெரும்பாலானவை தம் சட்டமன்றத் தேர்தலை அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இரட்டைப்படை ஆண்டுகளில் நடத்திவிட, வர்ஜீனியா, நியூஜெர்சி, மிசிசிப்பி, லூயிசியானா ஆகிய நான்கு மட்டும் ஒற்றைப்படை ஆண்டுகளில் வாக்குச்சாவடிகளைத் திறக்கின்றன. இவற்றுள் வர்ஜீனியாவின் சட்டமன்றம், 1619-இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் கூடிய பேரவையின் வழிவந்தது என்பதால், அமெரிக்கக் கண்டத்து ஆங்கிலக் குடியேற்றங்களில் தோன்றிய பிரதிநிதித்துவ மன்றங்களுள் மிகப் பழையது. ரிச்மண்ட் நகரில் கூடும் அம்மன்றத்துக்கு இரண்டு அவைகள் உண்டு: நான்காண்டுப் பதவிக்காலம் கொண்ட 40 உறுப்பினர்களின் செனட் ஒன்று, ஈராண்டுக்கு ஒருமுறை முழுவதுமாகத் தேர்தலைச் சந்திக்கும் 100 உறுப்பினர்களின் பிரதிநிதிகள் அவை மற்றொன்று.

2010 மக்கள்தொகைக் கணக்குப்படி பிரதிநிதிகள் அவையின் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்தனர். இரண்டு லட்சம் வாக்காளர்களுக்கு மேல் கொண்ட தொகுதிகளைக் கண்டு பழகிய தமிழக வாசகருக்கு இது ஒரு பெரிய நகராட்சியின் அளவே. இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள், மற்ற ஆண்டுகளில் அதனினும் குறைவு என்ற அளவில்தான் அவை கூடுகிறது. ஆண்டு ஊதியம் 17,640 டாலர் மட்டுமே என்பதால் உறுப்பினர்களுள் பலர் வழக்கறிஞர்களாகவோ ஆசிரியர்களாகவோ வணிகர்களாகவோ தொழிலைத் தொடர்ந்துகொண்டே பதவியும் வகிக்கின்றனர். ஆனால் மாநில வரவுசெலவுத் திட்டம், பள்ளிக் கல்வி, சிறைச்சாலை, வாக்குரிமை விதிகள், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு ஆகிய யாவும் இந்தப் பகுதிநேர மன்றத்தின் கையில்தான் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, தொகுதிகளின் எல்லைகளை வரையும் அதிகாரமும் அண்மைக்காலம் வரை அதனிடமே இருந்தது.

இந்தியாவில் தொகுதி எல்லைகளை ஓய்வுபெற்ற அல்லது பணியிலுள்ள உச்ச நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான மறுவரையறை ஆணையம் வகுக்கிறது. வர்ஜீனியாவிலோ, யார் அந்தத் தொகுதிகளில் போட்டியிடப் போகிறார்களோ அவர்களே அவற்றை வகுத்துக்கொண்டனர். 2011-இல் பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மை பெற்றிருந்த குடியரசுக் கட்சி அந்த அவைக்கான வரைபடத்தையும், செனட்டில் பெரும்பான்மை பெற்றிருந்த ஜனநாயகக் கட்சி செனட்டுக்கான வரைபடத்தையும் தயாரித்தன. ஒன்றின் வசதிக்கு மற்றொன்று குறுக்கே நிற்கவில்லை. எதிர்க்கட்சிக்கு வாக்களிப்போரைச் சில தொகுதிகளுக்குள் திணித்து அடைப்பதும், எஞ்சியோரைப் பல தொகுதிகளில் சிதறடிப்பதுமே இக்கலையின் இரண்டு வழிகள். பிரதிநிதிகள் அவையின் வரைபடத்தில் 12 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் குறைந்தது 55 சதவீதம் இருக்குமாறு அமைக்கப்பட்டன. அவ்வாறு அடைத்ததால் சுற்றியிருந்த தொகுதிகளில் ஜனநாயகக் கட்சியின் வாக்கு மெலிந்தது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

இந்தப் பின்னணியில், 66-க்கு 34 என்ற வலுவான பெரும்பான்மையுடன் 2017 நவம்பர் 7 தேர்தலுக்குள் நுழைந்த குடியரசுக் கட்சி அவையை இழக்கும் என்று எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் டொனால்ட் டிரம்ப் அதிபரான முதல் ஆண்டில் ஜனநாயகக் கட்சி வழக்கத்துக்கு மாறாகப் பெரும்பாலான தொகுதிகளில் வேட்பாளரை நிறுத்தியது. குறிப்பாக, முந்தைய ஆண்டு ஹிலாரி கிளிண்டன் முன்னிலை பெற்றும் குடியரசுக் கட்சியினர் கைவசம் இருந்த 17 தொகுதிகளில் அது கவனம் குவித்தது. விளைவாக 15 இடங்கள் கைமாறின. அதுவரை ஆண்களே வகித்துவந்த அந்த 15 இடங்களுள் 11-ஐப் பெண்கள் வென்றனர்.

அவற்றுள் 13-ஆம் தொகுதி, தொகுதித் தேர்தல் என்பது எத்தகையது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. கால் நூற்றாண்டாக அதை வைத்திருந்த பாப் மார்ஷல், திருநர் கழிவறைப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தவர். அவரை எதிர்த்த டானிகா ரோம் ஒரு திருநங்கை. உள்ளூர் நிருபராக இருந்தவர். அவர் பிரச்சாரத்தின் மையமாக வைத்ததோ 28-ஆம் எண் சாலையின் போக்குவரத்து நெரிசலை. நாடெங்கும் ஊடகங்கள் இதைப் பண்பாட்டுப் போராகச் சித்திரித்துக்கொண்டிருக்க, அன்றாடம் அச்சாலையில் காத்துக் கிடந்த வாக்காளர்கள் அவரை வெற்றிபெறச் செய்தனர்.

எனினும் வரலாற்றில் நிலைத்துவிட்டது, விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டும் நியூபோர்ட் நியூஸ் நகரின் 94-ஆம் தொகுதி. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி 10 வாக்குகள் முன்னிலை பெற்றார். டிசம்பர் 19 மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஒரு வாக்கில் முந்தினார்; அவை 50-50 எனச் சமமாகும் என்று அன்றிரவு செய்திகள் பறந்தன. மறுநாள் மூன்று நீதிபதிகள் கொண்ட குழு, செல்லாதென ஒதுக்கப்பட்டிருந்த ஒரு வாக்குச்சீட்டை எடுத்துப் பார்த்தது. அதில் இரு வேட்பாளரின் வட்டங்களும் நிரப்பப்பட்டு, சைமண்ட்ஸின் வட்டத்தின்மீது மட்டும் ஒரு சாய்கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அதே சீட்டில் மற்றப் பதவிகளுக்குக் குடியரசுக் கட்சியினரே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததைக் கருதி, அந்த வாக்கு யான்சிக்கே உரியது என நீதிபதிகள் தீர்மானித்தனர். இருவருக்கும் 11,608 வாக்குகள்.

சம வாக்கு வந்தால் திருவுளச்சீட்டு என்பது வர்ஜீனியாவின் சட்டம். இந்தியாவிலும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு இதையே சொல்கிறது. சீட்டு எவருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். 2018 ஜனவரி 4 அன்று ரிச்மண்டில், இரண்டு பெயர்களும் தனித்தனித் தாளில் அச்சிடப்பட்டு, கேமரா ஃபிலிம் சுருள் வைக்கும் சிறு டப்பாக்களில் அடைக்கப்பட்டு, நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து வந்த பீங்கான் கிண்ணத்தில் இடப்பட்டன. மாநிலத் தேர்தல் வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஆல்கார்ன் எடுத்த டப்பாவில் யான்சியின் பெயர் இருந்தது. அவை 51-49 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியிடமே தங்கியது.

கிண்ணத்தின் படம் உலகெங்கும் பரவியதில், அதைவிடக் கவலைக்குரிய மற்றொரு தொகுதி பலரின் கண்ணில் படாமலே போயிற்று. ஓய்வுபெற்ற அவைத்தலைவர் வில்லியம் ஹவலின் இடமான 28-ஆம் தொகுதியில், குடியரசுக் கட்சியின் பாப் தாமஸ், ஜோஷுவா கோலை மறு எண்ணிக்கைக்குப் பின் 73 வாக்குகளில் வென்றார். ஆனால் பிரெடரிக்ஸ்பர்க் பகுதியில் 147 வாக்காளர்கள் தவறான தொகுதிக்குரிய வாக்குச்சீட்டைப் பெற்று வாக்களித்திருந்தது தெரியவந்தது. அதாவது தவறின் அளவு வெற்றி வித்தியாசத்தைப் போல் இருமடங்கு. புதிய தேர்தல் கோரிய வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. குலுக்கலாவது இருவருக்கும் சம வாய்ப்பளித்தது. வளைந்து நெளிந்த எல்லைக்கோடுகளைப் பதிவேட்டில் சரியாக ஏற்றாத பிழை அதைக்கூட அளிக்கவில்லை. ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் மாநில அளவில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் பெரும்பான்மை பெறாததற்குக் காரணத்தைக் கிண்ணத்தில் தேடுவதை விட 2011 வரைபடத்தில் தேடுவதே பொருந்தும்.

ஆட்சி மாறாவிட்டாலும் அரசியல் மாறியது. அடுத்த தேர்தலை நினைத்து அஞ்சிய குடியரசுக் கட்சியினர் 19 பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களிக்க, பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த மெடிக்எய்ட் விரிவாக்கம் 2018-இல் நிறைவேறி, சுமார் 4 லட்சம் ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீட்டின் வாயிலைத் திறந்தது. அதே ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம், 55 சதவீத அளவுகோலில் அமைந்த தொகுதிகளுள் 11, இனத்தை அடிப்படையாக வைத்து வரையப்பட்டவை என்று கூறி அவற்றைச் செல்லாதவையாக்கியது. பிரதிநிதிகள் அவை தொடுத்த மேல்முறையீட்டை, அதற்கு வழக்காடும் தகுதியில்லை என்று 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. திருத்திய வரைபடத்தில் அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி 55 இடங்களைப் பெற்றது. சைமண்ட்ஸ் யான்சியையும், கோல் தம் தொகுதியில் வேறொரு போட்டியாளரையும், எவ்விதக் குலுக்கலும் இன்றி வென்றனர்.

2020-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், சட்டமன்ற உறுப்பினர்கள் 8 பேரும் குடிமக்கள் 8 பேரும் அடங்கிய ஓர் ஆணையத்திடம் எல்லை வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. கட்சிக்கொரு பாதியாகப் பிரிந்து நின்ற அந்த ஆணையம் ஒரு வரைபடத்தைக்கூட ஒப்பேற்ற முடியாமல் கலைந்ததால், மாநில உச்ச நீதிமன்றம் இரு வல்லுநர்களை அமர்த்தி, பதவியிலிருப்போர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பொருட்படுத்தாத எல்லைகளை 2021 டிசம்பரில் வெளியிட்டது. சக உறுப்பினரோடு ஒரே தொகுதியில் மோத வேண்டிய நிலைக்கு ஆளான பலர், 2023 தேர்தலில் போட்டியிடாமலே ஓய்வு பெற்றனர்.