கணினியின் பெயரும் அடையாள எண்ணும்

ஒரு பொருளை அறிவதற்கு முதற்படி அதன் பெயரை அறிவதாகும். ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்த செய்தியைத் திருமறை கூறுகிறது. தமிழ் இலக்கணமோ சொல் வகைகளுள் பெயரையே முதலாவதாக வைக்கிறது. இத்தகைய சிறப்புடைய பெயரிடல் மாந்தர்க்கும் ஊர்க்கும் மட்டும் உரியதன்று; மனிதன் ஆக்கிய கணினிக்கும் உரியதாகும். புதிய கணினியில் இயக்கமுறைமையை நிறுவும்போது திரையில் தோன்றும் வினாக்களுள், 'இக்கணினியின் பெயர் யாது?' என்பதும் ஒன்று. பலர் ஏதோ ஒரு சொல்லைத் தட்டெழுதிவிட்டு அடுத்த திரைக்குச் சென்றுவிடுகின்றனர். அவ்வினாவின் பின்னே அடங்கியுள்ள செய்திகளை ஈண்டுச் சிறிது காண்போம்.

இடுகுறியும் காரணமும்

நன்னூலார் பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பகுத்துக் காட்டினார். கணினிக்கும் இவ்விரு வகை அடையாளங்களும் உள. 'நூலகம்-3' என்பது போல மனிதர் வைக்கும் பெயர் காரணம் பற்றியது. அதனை ஹோஸ்ட்நேம் என்பர். இயக்கமுறைமை தானே உருவாக்கிக் கொள்ளும் நீண்ட எண் எக்காரணமும் பற்றாத இடுகுறி. முன்னது மனிதர் அழைத்தற்கு. பின்னது பொறிகள் தம்முள் வேறுபாடு அறிதற்கு.

இரண்டும் ஏன் வேண்டும்? பெயர் ஒன்றாய் இருந்து ஆள் வேறாய் இருக்கும்போது தோன்றும் இடர்ப்பாட்டை ஹதீஸ் கலை வல்லுநர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஒரே பெயருடைய அறிவிப்பாளர்களைப் பிரித்தறியாவிடில், நம்பத்தக்கவர் கூற்றும் நம்பத்தகாதவர் கூற்றும் கலந்துவிடும். ஆகவேதான் கி.பி. 1071இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி அவர்கள், பெயரால் ஒத்து ஆளால் வேறுபட்ட அறிவிப்பாளர்களை வகைப்படுத்தித் தனி நூலே யாத்தார்கள். கணினி வலையமைப்பில் எழும் சிக்கலும் இத்தன்மையதே.

பெயர்ப் பட்டியலின் வரலாறு

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் கணினிகள் சிலவே இருந்தன. அவற்றின் பெயர்களும் முகவரிகளும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே கோப்பில் எழுதிவைக்கப்பட்டன. பிற கணினிகள் அக்கோப்பைப் படியெடுத்துக் கொள்ளும். கணினிகள் பெருகியபோது ஒரே பட்டியலைப் பேணுதல் இயலாதாயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் வகுத்த களப்பெயர் முறைமை இதற்குத் தீர்வாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் எல்லைக்குள் பெயர் மீளாமல் பார்த்துக் கொண்டால் போதும் என்பதே அதன் அடிப்படை. ஒரு தெருவில் இருவர்க்கு ஒரே பெயர் அமையினும் குடும்பப் பெயரால் வேறுபடுத்துவது போன்றது இது.

பெயர்க்குரிய விதிகளும் உள. ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக்குறி ஆகியவையே ஆளப்பெறும். பெயர் இணைப்புக்குறியில் தொடங்குதலும் முடிதலும் கூடாது. ஒரு பெயர்க்கூறு 63 குறிகளை மிஞ்சலாகாது. விண்டோஸ் கணினிகள் நெடுங்காலம் சார்ந்திருந்த நெட்பயாஸ் முறையிலோ 15 குறிகளே எல்லை. 1990இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1178 என்னும் ஆவணத்தில் டான் லைப்ஸ் என்பார் பெயர் தேர்வு பற்றிப் பயனுள்ள அறிவுரைகள் வழங்கியுள்ளார். கணினிக்குத் தம் பெயரை வைக்க வேண்டா, அதில் நடைபெறும் பணியின் பெயரையும் வைக்க வேண்டா, மிக நீண்ட பெயரும் வேண்டா என்பன அவற்றுள் சில. ஆளும் பணியும் மாறுவன. கணினியோ அங்கேயே இருக்கும் அன்றோ?

மெஷின் ஐடி

இனி இடுகுறி எண்ணுக்கு வருவோம். இன்றைய லினக்ஸ் முறைமைகள் பலவற்றில், நிறுவும்போதோ முதன்முறை இயங்கும்போதோ 'மெஷின் ஐடி' என்னும் எண் ஆக்கப்பட்டு ஒரு சிறு கோப்பில் பதியப்படுகிறது. அது 32 பதினறும இலக்கங்கள், அதாவது 128 இரும இலக்கங்கள் கொண்டது.

இவ்வெண்ணை வழங்க நடுவண் அலுவலகம் எதுவும் இல்லை. அவ்வாறிருந்தும் அது மீளாமல் அமைவது எவ்வாறு? விடை எண்ணின் பரப்பில் உள்ளது. இவ்வகை அடையாளங்களில் 6 இரும இலக்கங்கள் வகையைக் குறிக்க ஒதுக்கப்படினும், எஞ்சிய 122 இலக்கங்கள் குலுக்கல் முறையில் அமைகின்றன. அவற்றால் ஆகும் எண்களின் தொகை 37 இலக்கங்களில் எழுதத்தக்க பேரெண்ணாகும். ஆதலின் குலுக்கல் முறையாக நடைபெறின் இரு கணினிகள் ஒரே எண்ணைப் பெறுதல் நடைமுறையில் நிகழாது எனலாம்.

வலையமைப்பு அட்டைக்கு அதனைச் செய்தவர் வழங்கும் 48 இரும இலக்க எண் முன்னரே இருக்க, இது எதற்கு என வினவலாம். அட்டையை மாற்றினால் அவ்வெண்ணும் மாறும். மென்பொருளாலும் அதனை மாற்றிவிடலாம். எனவே இயக்கமுறைமைக்கெனத் தனி அடையாளம் வேண்டுவதாயிற்று.

படியெடுத்தலால் வரும் கேடு

ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தில் 40 கணினிகளை அமைக்க வேண்டும் எனக் கொள்வோம். ஒன்றில் அனைத்தையும் நிறுவி, அதன் வட்டினை மற்றவற்றுக்கு அப்படியே படியெடுத்தல் எளிய வழி. அப்போது பெயரும் மெஷின் ஐடியும் உடன் படியாகிவிடும். சில முறைமைகள் வலையமைப்பு முகவரி வேண்டும்போது இவ்வெண்ணிலிருந்து ஆக்கிய அடையாளத்தையே அனுப்புகின்றன. முகவரி வழங்கும் வழங்கியோ 40 கணினிகளையும் ஒன்றெனக் கருதி ஒரே முகவரியை ஈயும். ஒன்று இணைய மற்றொன்று துண்டிக்கப்படும். நிகழ்வுப் பதிவேடுகளும் ஒன்றோடொன்று கலக்கும்.

இதனினும் பெரிய தீங்கு உண்டு. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். முறையில் கணினி தன்னை மெய்ப்பிக்கும் மறைத் திறவுகோல்களும் படியாகிவிடுகின்றன. ஒன்றன் திறவுகோல் பிறர் கைப்படின் அனைத்தின் வேடமும் அவர் பூணலாம். படியெடுக்காமலும் இக்கேடு நேர்தல் கூடும். 2012இல் நாடியா ஹெனிஞ்சரும் உடன் ஆய்ந்தோரும் இணையத்தை ஆராய்ந்தபோது, சிறு கருவிகள் பல ஒரே திறவுகோலைக் கொண்டிருக்கக் கண்டனர். முதன்முறை இயங்கும் தறுவாயில் அவற்றுக்குக் குலுக்கலுக்கு வேண்டிய மூலம் போதாமையே இதன் தலையாய காரணம்.

இதனைத் தவிர்க்கும் வழி அரிதன்று. படியெடுக்குமுன் மெஷின் ஐடிக் கோப்பை வெறுமையாக்க வேண்டும். மறைத் திறவுகோல்களை நீக்கி, படிகள் ஒவ்வொன்றிலும் புதியன ஆக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பெயரைத் தனித்தனியே இட வேண்டும். விண்டோஸ் முறைமைக்கு இப்பணியைச் செய்ய சிஸ்பிரெப் என்னும் கருவியை மைக்ரோசாஃப்ட் வழங்குகிறது.

மறைக்க வேண்டிய அடையாளம்

வேறுபடுத்திக் காட்டும் எண் ஆளைப் பின்தொடரவும் உதவும் என்பதை நாம் மறத்தலாகாது. 1999இல் வெளிவந்த பென்டியம் 3 செயலியில் இன்டெல் நிறுவனம் வரிசை எண் பொறித்தது. அது பயனரின் தனிமையைக் குலைக்கும் என எதிர்ப்பு எழவே, பின்வந்த செயலிகளில் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. மெஷின் ஐடியை ஆக்கியோரும் அதனை வலையமைப்பில் வெளிப்படுத்தலாகாது என்றும், தேவைப்படின் அதிலிருந்து மீட்டறிய இயலாத வேறோர் எண்ணை ஆக்கிப் பயன்படுத்துக என்றும் விதித்துள்ளனர்.

ஆதலின், கணினி நிறுவும் மாணவர்கள் பெயர் கேட்கும் திரையில் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். எளிய, மாறாத, பிறிதொன்றோடு மயங்காத பெயரைத் தேர்ந்து ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் நன்று. படியெடுத்த கணினியாயின் அதன் இடுகுறி எண்ணைப் பிறவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வலையமைப்பில் இணைத்தல் தக்கது. சில மணித்துளிகளில் முடியும் இவ்வேலை, பின்னர் பல நாள் காரணம் அறியாது அலைவதினின்றும் நம்மைக் காக்கும்.