ஆசிரியர் அறையில் பல மொழி

மத்திய அரசு உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகி வாழும் நம் குடும்பங்களுக்குக் கேந்திரிய வித்யாலயா புதிதல்ல. 1963-இல் தொடங்கிய இப்பள்ளிகள் இன்று 1,200-க்கும் மேல். மாற்றல் அங்குள்ள ஆசிரியர்களுக்கும் உண்டு. மலையாளி, வங்காளி, பீகாரி, மணிப்பூரி என எல்லோரும் ஒரே ஆசிரியர் அறையில்! இவர்களை அரவணைத்து நடத்துவது முதல்வரின் பொறுப்பு. அதை எப்படிச் செய்யலாம் என்று, வடநாட்டுப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய நாளில் கண்ணாரக் கண்டேன்.

நெல்லைப் பக்கத்திலிருந்து ஓர் இளம் கணித ஆசிரியை வந்து சேர்ந்தார். பாடத்தில் கெட்டிக்காரி, இந்திதான் தட்டுத்தடுமாறி வரும். ஒரே மாதத்தில், "டீச்சர் பேசுவது புரியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள்" என்று பெற்றோர் சிலர் முதல்வர் அறைக்கு வந்துவிட்டனர். அந்தப் பெண் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பைக்குள் வைத்திருந்தார்.

முதல்வர் வகுப்பை மாற்றவில்லை. இரண்டு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு தனியே அழைத்து, "ஒவ்வொரு படியையும் கரும்பலகையில் எழுதம்மா, பேச்சு குறைந்தாலும் கணக்கு புரியும்" என்றார். இந்தி ஆசிரியர் ஒருவரிடம், தினமும் இடைவேளையில் பத்து வார்த்தை சொல்லித்தரும்படி கேட்டுக்கொண்டார். பெற்றோரிடம், "அரையாண்டுத் தேர்வு வரை பொறுங்கள். அதுவரை பிள்ளையின் நோட்டைப் பாருங்கள்" என்றார்.

இன்னும் இரண்டு காரியம் செய்தார். இந்தியில் மட்டுமே நடந்த ஆசிரியர் கூட்டங்களில் முடிவுகளை ஆங்கிலத்திலும் சொல்லலானார். லீவு போட்டவர்களின் பீரியடுகளைப் புதியவர்கள் தலையில் கட்டும் வழக்கத்தை நிறுத்தி, முறை வைத்துப் பட்டியல் ஒட்டினார். முணுமுணுத்த சீனியர்களுக்கும் அதே பட்டியல்தான்.

ராஜினாமாக் கடிதம் முதல்வர் மேசைக்குப் போகவேயில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அந்தப் பெற்றோரும் வரவில்லை.

முதல்வர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. நல்லதுதான். ஆனால் பெற்றோரான நமக்கு யார் பயிற்சி தருவது? "அந்த பீகார் வாத்தியார் இங்கிலீஷ் சகிக்கவில்லை" என்று பிள்ளைகள் எதிரிலேயே நம் வீடுகளிலும் பேசுகிறோமே! நெல்லைப் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதானே? அடுத்த முறை புகார் எழுத உட்காருமுன், பிள்ளையின் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.