ஓட்டத்தின் திருத்திய மதிப்பீடு

அரசின் வரவு செலவு அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பவர்கள், ஒரே தலைப்பின்கீழ் மூன்று வகை எண்கள் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். ஆண்டின் தொடக்கத்தில் எதிர்பார்த்து எழுதியது மதிப்பீடு. சில மாதங்களின் வரவையும் செலவையும் கண்ட பின்னர் எழுதுவது திருத்திய மதிப்பீடு. யாவும் முடிந்தபின் கிடைப்பது உண்மைக் கணக்கு. முதல் எண்ணைத் திருத்துவது அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. திருத்தாமல் விட்டால்தான் கேள்வி எழும்.

மும்பையில் பணியாற்றும் நாங்கள் நால்வர், நாற்பதைக் கடந்த வயதில் நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்கினோம். அலுவலகத்தில் நாள்தோறும் கையாளும் இந்த வழக்கத்தை எங்கள் கால்களுக்குப் பொருத்த மட்டும் மறந்துவிட்டோம்.

2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான், பெரும்பாலும் ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று நடைபெறுகிறது. அதன் அரை மாரத்தானில், அதாவது 21.1 கி.மீ. தூரத்தை, இரண்டரை மணி நேரத்தில் ஓடி முடிப்பது என்று ஆகஸ்டு மாதத்தில் நால்வரும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது எண்ணிப் பார்த்தால், கேட்பதற்கு முழுமையாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை. அதற்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7 நிமிடம் 7 வினாடி வேகம் வேண்டும். அன்றைய நிலையில் எங்களில் எவரும் 10 கி.மீ. தூரத்தை நிற்காமல் ஓடியதில்லை.

செப்டம்பர் இறுதியில் 10 கி.மீ. ஓட 75 நிமிடம் ஆயிற்று. இதை நேராகப் பெருக்கினால் அரை மாரத்தானுக்கு 2 மணி 38 நிமிடம் வரும். ஆனால் தூரம் கூடும்போது வேகம் குறையும் என்பதால் நேர்ப்பெருக்கல் இங்கே பொருந்தாது. பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்றை ஓட்டக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். தூரங்களின் விகிதத்தை 1.06 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, அறிந்த நேரத்தோடு பெருக்க வேண்டும். கூட்டுவட்டி போட்டுப் பழகியவர்களுக்கு இது கடினமன்று. எங்கள் கணக்கில் 2 மணி 45 நிமிடம் வந்தது. அதுவும் அந்தத் தூரத்திற்கு உரிய பயிற்சியை முடித்தவர்களுக்கே பொருந்தும். புதியவர்கள் மேலும் ஐந்து பத்து நிமிடங்கள் சேர்த்துக்கொள்வது நல்லது. பிற்பகுதியில் வரும் பெடர் சாலை ஏற்றத்தையும் நாங்கள் கணக்கில் கொண்டு, இலக்கை 2 மணி 55 நிமிடமாகத் திருத்தினோம். மூவர் திருத்தினோம் என்று சொல்வதே சரி.

அடுத்து வந்த அக்டோபர் மாதம் எங்களை வேறு வகையில் சோதித்தது. மழை விலகியதும் மும்பையில் வெப்பம் மீண்டும் ஏறும். காற்றின் ஈரப்பதமோ குறைவதில்லை. வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழியும். தசைகளுக்குச் செல்ல வேண்டிய குருதியில் ஒரு பகுதியை உடலைக் குளிர்விப்பதற்காகத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே முயற்சிக்கு வேகம் குறைகிறது. நரிமன் பாயின்ட்டிலிருந்து சௌபாத்தி வரை சென்று திரும்பும் வழக்கமான ஓட்டத்தில் எங்கள் வேகம் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடமாகத் தளர்ந்தது. இருவர் போட்டியையே கைவிட எண்ணினோம். பருவகாலத் தொழில் செய்பவரின் மழைமாத விற்பனையை மட்டும் பார்த்துக் கடன் அதிகாரி எவரும் முடிவெடுப்பதில்லை. அதே பாதை, அதே நேரம், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அதே முயற்சி, ஏறக்குறைய அதே வானிலை ஆகியவை அமைந்த ஓட்டங்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். டிசம்பர் குளிரில் அதே முயற்சிக்கு எட்டு நிமிடத்திற்கும் குறைவாகவே ஆயிற்று.

திருத்தாத நான்காம் நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க மருத்துவர் சொன்னதன் பேரில் நடக்கத் தொடங்கி, பின்னர் எங்களோடு ஓட வந்தவர் அவர். இரண்டரை மணி இலக்கை அலுவலகம் முழுவதும் சொல்லியிருந்தார். நவம்பரில் அவருக்குக் கீழ்க்கால் எலும்பில் வலி தோன்றியது. மூச்சு சீராக இருந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகின்றனர். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் தேவை. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியை அகற்றி, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் அது சற்று வலுக்குறைந்திருக்கும். அப்போதும் சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் மயிரிழை போன்ற விரிசல் உண்டாகலாம். எலும்பின் நீளம் முழுவதும் பரவி, உடல் சூடேறியதும் தணியும் வலி ஓய்வாலும் தூரக் குறைப்பாலும் பெரும்பாலும் சரியாகும். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஓட ஓட மிகுந்து, ஓய்விலும் நீடிக்கும் வலி இருப்பின் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். நண்பர் அந்த ஞாயிறும் அட்டவணைப்படி 16 கி.மீ. ஓடினார். பரிசோதனையில் விரிசல் தெரிந்தது. ஆறு வாரங்கள் ஓட்டம் மட்டுமன்றி, காலை நடையும் நின்றது. சர்க்கரை அளவு மீண்டும் ஏறியது. எதற்காகத் தொடங்கினாரோ அதையே அந்த இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது.

இலக்கில் திருத்தக்கூடியவை நேரம், தூரம், தேதி ஆகிய மூன்றே. நேரத்தைத் திருத்துவதால் இழப்பு ஏதுமில்லை. ஆகவே அதைத் தயங்காமல் முதலில் திருத்தலாம். காய்ச்சலாலோ பணிச்சுமையாலோ இரண்டு மூன்று வாரப் பயிற்சி விட்டுப்போனால் தூரத்தையோ தேதியையோ மாற்றுவது பற்றி எண்ண வேண்டும். விட்டுப்போன ஓட்டங்களை அடுத்த வாரம் சேர்த்து ஓடிவிடலாம் என்று பலர் நினைக்கின்றனர். வங்கியில் நிலுவைத் தவணைகளை ஒன்றாகச் செலுத்தலாம். கால்களுக்கு அந்த வசதி கிடையாது. வாரத் தூரத்தைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்னும் விதியை ஒரு வழிகாட்டுதலாகக் கொண்டால் போதும்.

மறுஆய்வு நாளை முன்கூட்டியே குறித்துவிடுவது எங்களுக்குப் பயன்பட்டது. நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, ஓடாத நாளில், பதிவேட்டைப் பார்த்து முடிவெடுத்தோம். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு எந்தப் பக்கமும் சாயக்கூடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நாற்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குவோரும் முதலில் மருத்துவரிடம் ஒப்புதல் பெறுதல் அவசியம்.

ஜனவரியில் நாங்கள் மூவரும் ஓடினோம். உண்மைக் கணக்கு முறையே 2 மணி 52, 2 மணி 58, 3 மணி 4 நிமிடம். நண்பர் மரீன் டிரைவில் வாழைப்பழங்களுடன் நின்றிருந்தார். ஏப்ரல் மாதத்தில் மருத்துவரின் இசைவுடன், இரண்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை என்று மீண்டும் தொடங்கினார். அவருடைய புதிய நாட்குறிப்பில் முதல் கட்டத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவும், அடுத்ததில் வாரத் தூரமும் இடம்பெற்றுள்ளன. இம்முறை 10 கி.மீ. ஓட்டத்திற்குப் பெயர் பதியப்போகிறார். எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்று கேட்டால், நவம்பர் மறுஆய்வுக்குப் பிறகு சொல்கிறேன் என்கிறார்.