மடுல்கெல்ல ஏற்றமும் வெந்துபோன அல்டர்நேட்டரும்

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு மடுல்கெல்லவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பன்விலப் பக்கம் இறங்கும்போது ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி ஈரத்தை நீக்கும் புளோவர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் எரிந்த மணம் வந்தது. பிறகு பெட்டரி விளக்கு சிவந்தது. அடுத்த வளைவுகளில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்ததுபோல இருந்தது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். நோயாளி வேறு வாகனத்தில் போய்ச் சேர்ந்தார்.

அல்டர்நேட்டர் பழுதானால் பிரேக் ஏன் இறுக வேண்டும்? என்னுடையது பழைய டீசல் டொல்பின் வேன். பிரேக்கை இலகுவாக்கும் வெற்றிடத்தை இதில் ஒரு சிறிய பம்ப்தான் உண்டாக்குகிறது. அந்தப் பம்ப் அல்டர்நேட்டரின் பின்பக்கத்தில், அதே தண்டில் சுழல்கிறது. சூட்டில் பெயரிங் இறுகி பெல்ட் அறுந்ததும் இரண்டும் ஒன்றாகப் போயின. மறுநாள் பாஸ் கழற்றிக் காட்டினார்: செம்புச் சுருள் கருகிக் கிடந்தது, காற்றுத் துவாரங்களை எண்ணெயும் தூசியும் சேறாக அடைத்திருந்தன.

நான் கிளிநொச்சிக்காரன், கல்யாணம் கட்டி இங்கு வந்தவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்டரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இது விளங்கும்: சுமையைக் கொடுத்தால் பெடல் கனக்கும். அல்டர்நேட்டரும் அப்படித்தான். பெல்ட் கொடுக்கும் சக்தியில் சுமார் 55 முதல் 60 வீதமே மின்சாரமாகிறது, மிச்சம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்றுவது அதன் தண்டில் உள்ள விசிறி மட்டுமே. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். மலையில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் இல்லை, எஞ்சினும் கொதிக்கும். சுருளின் காப்புப் பூச்சு, ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் கூடுதல் சூட்டுக்கும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும் என்பது மின்துறையில் பழைய கணக்கு.

என் பிழை அதற்கு முந்திய வாரமே தொடங்கியது. செத்த பெட்டரியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணி, ஓடஓட சார்ஜ் ஆகட்டும் என்று விட்டேன். வெறுமையான பெட்டரி அல்டர்நேட்டரின் முழுப் பலத்தையும் மணிக்கணக்கில் உறிஞ்சும். இப்போது பெட்டரி இறங்கினால் இரவு சார்ஜரில் போட்ட பின்தான் வேனை எடுப்பேன். பழைய பெட்டரியை வைத்து இழுப்பது மிச்சம் பிடிப்பதல்ல.

எண்ணெய்க் கசிவு அடுத்த எதிரி. பம்புக்கு எஞ்சின் எண்ணெய் போகிறது. அதன் சீல் தேய்ந்தால் எண்ணெய் நேரே அல்டர்நேட்டருக்குள் இறங்கும். துவாரங்களை உலர்ந்த பிரஷாலும் காற்றாலும் துடைக்கலாம், தண்ணீர் பீச்ச வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் நீண்ட பகுதியை விரலால் அழுத்தினால் சுமார் 1 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். தளர்ந்தால் வழுக்கிச் சூடாகும், இறுகினால் பெயரிங் போகும். எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சரி. ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அது டயோட்டைக் கொல்லும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. திறந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை, இந்தப் பழைய வேனைத்தான் ஓட்டவேண்டும். இப்போது மேட்டுக்கு ஏறி முடிந்ததும் உடனே எஞ்சினை நிறுத்துவதில்லை. புளோவரையும் லைட்டையும் அணைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு விசிறியால் ஆறவைப்பேன். பெட்டரி விளக்கு எரிந்தால் இறக்கத்தில் இறங்கவே மாட்டேன். பெல்ட் அறுந்தபின் ஓரிரு மிதிக்குத்தான் வெற்றிடம் மிஞ்சும்.