பௌர்ணமிப் பால்

பௌர்ணமி வந்தால் எங்கள் பால் சொசைட்டியில் கேன் நிறையாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் விடிய விடிய டீக்கடைகள். கடைக்காரர் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு வாசலுக்கே வருவார். லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூட, அதுவும் கையில் ரொக்கம்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சொசைட்டிச் செயலாளராக இருந்தவன் நான். பால் ஊற்றாதவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. பால் பணத்தையே நாங்கள் ஒரு மாதம் பாக்கி வைத்திருந்தோம். "மாட்டுக்குப் பாக்கி சொல்ல முடியுமா தம்பி?" என்றார் ஓர் அக்கா.

பணம் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை, தீவன நோட்டில் கிடந்தது. மாமன், மச்சான், பங்காளி என்று கேட்டவர்க்கெல்லாம் மூட்டையைக் கடனாகத் தூக்கிக் கொடுத்திருந்தோம். மாடு வற்றியதும் பாலும் நின்றது, கடனும் நின்றது.

ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. அதெல்லாம் மாடு வளர்ப்பவருக்குச் சேர வேண்டியது. கிராமச் சங்கத்துக்கு லிட்டருக்கு மிஞ்சுவது சில்லறைதான். பால் அளப்பவர் சம்பளம், கரண்டு பில், சோதனைக் கருவி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நூறு லிட்டர் வந்தாலும் முந்நூறு வந்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. அதனால்தான் ஒரு நாள் பால் குறைந்தாலும் எனக்கு வயிறு எரியும்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். கடன் கிடையாது. மிஞ்சிய லாபம், அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்ப அவரவருக்கே. கூட்டுறவுப் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது பழங்கதையாகத் தெரிந்தது. தீவன நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது.

நிர்வாகக் குழுவில் சண்டை போட்டுத்தான் முடிவெடுத்தோம். கறவை மாடு இருந்தால்தான் தீவனம், அதுவும் பால் பணத்தில் பாதிக்கு மேல் இல்லை, அடுத்த பட்டுவாடாவிலேயே பிடித்தம். சட்டப்படி காப்பு நிதிக்கு ஒதுக்கியதுபோக, ஊற்றிய லிட்டருக்குத் தக்க போனஸ். யார் எவ்வளவு பாக்கி என்பது சுவரில் ஏறியது. என் சொந்தச் சித்தப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

பாக்கி அடைந்து, பட்டுவாடா நாள் தவறாமல் வரத் தொடங்கிய பிறகு ஒரு பௌர்ணமி. அந்த அக்கா தூக்குவாளியோடு வந்தார். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டேன், 28 காட்டியது.

"பாதி கடைக்காரனுக்குக் கொடுத்துட்டேன் தம்பி. மீதி இதான்."

மூன்றேகால் லிட்டர். அவர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.